காற்று வாங்க வந்தவர்கள் மனை வாங்கிய கதை

சென்னையின் வயதை 1639-லிருந்து எண்ணுவது வழக்கம். ஆகஸ்ட் 22 வந்தால் கேக் வெட்டுவார்கள். பழைய டிராம் படத்தை எடுத்துப் போடுவார்கள். ஃபிரான்சிஸ் டே என்ற கம்பெனி ஏஜென்ட் மணல்திட்டு ஒன்றைப் பேரம் பேசி முடித்த கதையைச் சொல்வார்கள். அதெல்லாம் பாரிமுனையோடு நிற்கட்டும். தாம்பரம் பக்கம் வந்து சொன்னால் எங்கள் வட்டாரத்துக் கற்களே சிரிக்கும். பாரிமுனையில் கடல் இன்னும் மணலைக் கொட்டி முடிக்காத காலத்தில் பல்லாவரத்தில் ஆள் குடியிருந்தாயிற்று.

சேலையூரில் வசிப்பவர்களுக்கு நடைப்பயிற்சிக்குத் திசைப் பஞ்சம் கிடையாது. ஒரு பக்கம் கிறிஸ்தவக் கல்லூரிக் காடு. இன்னொரு பக்கம் மாடம்பாக்கம் கோயில். ஏரிக்கரையைப் பிடித்தால் ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம். ரயில் பாதையோரம் வடக்கே போனால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். எந்தப் பக்கம் நடந்தாலும் காலில் இடறுவது ஒரே கதைதான். யாரோ ஒருவர் வெளியூரிலிருந்து வருகிறார். 'அடடா, என்ன காற்று, என்ன அமைதி, எவ்வளவு காலி இடம்!' என்று வியக்கிறார். தங்குகிறார். நாலு பேரைக் கூப்பிடுகிறார். காற்று, அமைதி, காலி இடம் மூன்றும் தீர்ந்துபோகின்றன. பிறகு அடுத்தவர் வருகிறார்.

முதலில் வந்தவர் பெயரை விட்டுப் போகவில்லை, ஆயுதத்தை விட்டுப் போனார். குவார்ட்சைட் கல்லை இரண்டு பக்கமும் செதுக்கிக் கூராக்கிய கைக்கோடரி. 1863 மே 30 அன்று பல்லாவரம் ராணுவ மைதானத்தருகே ஒரு சரளைக் குழியில் அதைக் கண்டெடுத்தவர், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த 28 வயது ராபர்ட் புரூஸ் ஃபுட். மே 30 என்பதைக் கவனிக்க வேண்டும். கத்திரி முடிந்தும் சூடு தணியாத வாரம். அந்த வெயிலில் பல்லாவரத்துச் சரளையில் குனிந்து நிற்க, ஒன்று ஆங்கிலேயராக இருக்க வேண்டும், இல்லை சர்க்கார் சம்பளக்காரராக இருக்க வேண்டும். ஃபுட் இரண்டுமாக இருந்தார்.

மனிதர் சும்மா குனியவில்லை. பிரான்ஸில் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்களைக் காட்டி, 'இவை ஆதி மனிதன் செய்தவை' என்று பூஷே த பெர்த் என்பவர் பல வருடமாகக் கத்திக்கொண்டிருந்தார். அறிஞர்கள் கேலி செய்துகொண்டிருந்தார்கள். 1859-ல் இங்கிலாந்திலிருந்து போய்ப் பார்த்தவர்கள் 'ஆமாம், சரிதான்' என்று ஒப்புக்கொண்டார்கள். பிரான்ஸில் கிடைக்கிற கல் பல்லாவரத்தில் கிடைக்கக் கூடாதா என்று தேடியவர் ஃபுட். கிடைத்தது. அதே 1863 செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் போனார், அங்கேயும் கிடைத்தது. அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வயது என்று 2011-ல் சாந்தி பப்பு குழுவினர் அறிவித்தார்கள். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சிக்குப் பிறந்த ஊர் பல்லாவரம். இந்தக் கோடரிகளை வைத்து 'மெட்ராஸ் மரபு' என்று ஒரு வகையே பாடப் புத்தகத்தில் ஏறியது. மெட்ராஸ் பெயரில் உலகச் சந்தைக்குப் போன முதல் தயாரிப்பு அதுதான். லுங்கி எல்லாம் பிறகு.

இன்றைக்கும் பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை சந்தை கூடுகிறது. பழைய நாற்காலி, கழற்றிப் போட்ட மோட்டார், ரிமோட் இல்லாத டிவி, டிவி இல்லாத ரிமோட், எல்லாம் தரையில் விரித்திருக்கும். அங்கே ஒரு கைக்கோடரியைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் ஒருவர் குந்தி உட்கார்ந்து, "முனை மழுங்கியிருக்கே, பார்த்துப் போட்டுக் குடுங்க" என்பார். பல்லாவரத்தில் பழைய சாமான் வியாபாரத்துக்கு எப்போதும் மதிப்பு உண்டு.

அடுத்து வந்த இரும்புக் காலத்தார் இறந்த பிறகுகூட ஊரைவிட்டுப் போக மனமில்லாதவர்கள். சுட்ட மண்ணில் பேழை செய்து, அதற்குக் கீழே வரிசையாகக் கால்களும் வைத்து, உள்ளே படுத்துக்கொண்டார்கள். 1880-களில் அலெக்சாண்டர் ரீ பல்லாவரத்துக் குன்றருகே தோண்டி எடுத்த அந்த ஈமப்பேழை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. தனி வீடு, பராமரிப்புக் கட்டணம் கிடையாது, பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடமாட்டார். இந்த வசதிகளோடு தென்சென்னையில் அதற்குப் பிறகு எவருக்கும் இடம் அமையவில்லை.

ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவர் வந்தார். பல்லாவரம் குன்றைக் குடைந்து ஒரு குடைவரைக் கோயில் செய்தார். செய்தவர், நம் காதலர்கள் பாறையில் செய்வதைத் தாமும் செய்தார்: தம் பெயரைச் செதுக்கினார். அதுவும் ஒரு பெயரா? பட்டப்பெயர்களை அடுக்கடுக்காகச் செதுக்க வைத்தார். விசித்திரசித்தன், மத்தவிலாசன், குணபரன் என்று ராஜாவுக்கு ஏகப்பட்ட பெயர். ஆதார் அட்டை இல்லாத காலம், கேட்பார் கிடையாது. ஆனால் இவரை நான் கிண்டல் செய்ய முடியாது, அவர் எங்கள் சங்கத்துக்காரர். 'மத்தவிலாசப் பிரகசனம்' என்று ஒரு நையாண்டி நாடகமே எழுதியிருக்கிறார். குடித்துவிட்டுக் காஞ்சியில் தள்ளாடும் காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைக்கிறான், ஊரெல்லாம் சந்தேகப்படுகிறான், கடைசியில் தூக்கிப்போனது நாய். நாட்டை ஆண்டுகொண்டே சாமியார்களைப் பகடி செய்து எழுதிய அரசர் அவர். இன்று அந்தக் குடைவரை ஒரு தர்காவாக இருக்கிறது. பெயர்கள் கல்லிலேயே இருக்கின்றன. யாருக்கும் யாரோடும் தகராறு இல்லை. நாடகாசிரியர் இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

சோழர்கள் வந்தபோது இடம் பார்க்கும் பொறுப்பு பசுவிடம் போனது. மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில் தலபுராணப்படி, கபில முனிவர் ஒரு பிழைக்காகப் பசுவாய்ப் பிறந்து, மண்ணுக்குள் மறைந்திருந்த லிங்கத்தின்மேல் பால் சொரிந்தார். மேய்ப்பவன் அடிக்க, பசுவின் குளம்பு பட்டு லிங்கம் வெளிப்பட்டது. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றுக்கு முதல் சர்வேயர் பசுதான். சங்கிலி கிடையாது, படி கேட்காது, எல்லைக் கல்லைத் தள்ளி நடாது. கோயிலின் கருவறைப் பின்பக்கம் யானை படுத்த முதுகுபோல் வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பார்கள். அருணகிரிநாதர் வந்து பாடியிருக்கிறார். இப்போது தொல்லியல் துறை பாதுகாப்பு. 2010-ல் திருத்திய சட்டப்படி இத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும். இந்த வட்டாரத்தில் வானத்தைக் கொஞ்சம் அகலமாகப் பார்க்க வேண்டுமானால் ஆயிரம் வருடப் பழைய யானை ஒன்று தூங்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

'காலி இடம்' என்று நான் சொன்னது வந்தவர்களின் கணக்கு. 1763-ல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தாம் வாங்கியது என்ன என்று பார்க்க கம்பெனி தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரை அனுப்பியது. அவர் 1767-லிருந்து 1774 வரை ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். எந்த ஊரும் சும்மா கிடக்கவில்லை. ஏரிக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு ஏரி. களத்தில் நெல் அளக்கும்போதே கணக்கனுக்கு, தச்சனுக்கு, வெட்டியானுக்கு, ஏரி பராமரிப்புக்கு என்று பங்கு பிரித்துவிடுவார்கள். மதகைத் திறப்பதும் மூடுவதும் நீர்க்கட்டியின் வேலை. மேல் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரி. அது நிறைந்தால் அடுத்தது. மேய்ச்சல் புறம்போக்கு, பனந்தோப்பு, காரையும் களாவும் சூரையும் மண்டிய குறுங்காடு, எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் பாத்தியதை. வீடு கட்டவில்லை என்பதால் வெளியூர்க்காரர் கண்ணுக்குக் காலியாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

வெள்ளைக்காரர்கள் மண்ணோடு நிற்கவில்லை, கல்லுக்கும் பெயர் மாற்றினார்கள். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனிக்காரரின் கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லை 1893-ல் உற்றுப்பார்த்த தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர், அது எங்கள் பரங்கிமலை-பல்லாவரம் குன்றுகளின் கருங்கல் வகை என்று கண்டார். வகைக்குப் பெயர் வைக்க வேண்டும். பல்லாவரைட் என்று வைத்திருக்கலாம். சார்னாக்கைட் என்று வைத்தார். கல் எங்களுடையது, பெயர் கல்லுக்கு அடியில் படுத்திருந்தவருடையது! 'கல்கத்தாவை நிறுவியவர் சார்னாக் அல்ல' என்று 2003-ல் கல்கத்தா உயர்நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஊர் கையைவிட்டுப் போயிற்று. எங்கள் மலை மட்டும் இன்னும் அவர் கணக்கில் இருக்கிறது.

இனி காற்றுக்காகவே வந்தவர். டாக்டர் டேவிட் சவுரிமுத்து, காசநோய் நிபுணர். இங்கிலாந்தில் சாமர்செட் பக்கம் மெண்டிப் மலைமேல் சானடோரியம் நடத்தினார். 1914-ல் கணிதமேதை ராமானுஜன் சீமைக்குக் கப்பலேறியபோது அதே கப்பலில் இவரும் இருந்தார்; 1917-ல் ராமானுஜன் நோயாளியாக அவருடைய மெண்டிப் மலைக்கே போய்ச் சேர்ந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்க இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. எனவே வைத்தியம் என்பது நல்ல காற்று, வெயில், சாப்பாடு, ஓய்வு. வெயில் என்ற மருந்து இங்கிலாந்தில் எப்போதும் ஸ்டாக் இல்லை. சவுரிமுத்து ஊர் திரும்பி, இந்த மருந்துகள் எங்கே தாராளமாய்க் கிடைக்கும் என்று தேடித் தாம்பரத்தைப் பிடித்தார். 1928-ல் மரங்களுக்கு நடுவே சானடோரியம் திறந்தது. பிறகு அரசு எடுத்துக்கொண்டது. இன்றும் ஏழை நுரையீரலுக்கு அது பெரிய ஆஸ்பத்திரி.

ரயில் நிலையத்துக்கும் அதே பெயர் வந்தது. அதனால்தான் இங்கே ஒருவர் "வீடு சானடோரியத்துல வாங்கிட்டேன்" என்று பெருமையாகச் சொல்ல முடிகிறது. வேறு ஊரில் சொன்னால் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வருவார்கள். தேடித் தேடிச் சிறந்த காற்று என்று ஒரு மருத்துவர் தேர்ந்தெடுத்த இடத்தை ஒட்டித்தான் ஜி.எஸ்.டி. சாலை போகிறது. சிக்னலில் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள், வேண்டாம், பார்க்காதீர்கள்.

1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 'ஊருக்கு வெளியே' என்பதற்கு டிக்கெட் அச்சடித்துவிட்டார்கள். ஆறு வருடத்தில் ஒரு கல்லூரியே மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கியது. ஜார்ஜ் டவுன் இரைச்சலில் ஒரு நூற்றாண்டு பாடம் நடத்திய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, 1937-ல் சேலையூர்க் காட்டில் 350 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் குடியேறியது. அப்போதைய மூன்று விடுதிகளில் ஒன்றுக்குச் சேலையூர் ஹால் என்று பெயர். எங்கள் ஊர்ப் பெயர் இங்கிலீஷில் ஸ்டைலாக ஒலித்தது அப்போதுதான்.

வந்தவர்களில் காலி இடத்தைக் கண்டு பயந்து நிரப்பாமல் விட்டவர்கள் இந்தக் கல்லூரிக்காரர்கள் மட்டும்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸுக்குக் குடுவையைவிடச் செடிமேல் பிரியம். தென்னிந்தியா முழுக்கத் தாவரம் தேடி அலைந்தார். அரிசேமா வகைச் செடி ஒன்றுக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். அவரும் மனைவி ஆலிஸும் வளாகத்தில் மரம் நட்டு வளர்த்தார்கள். இன்றும் மதிலுக்கு வெளியே மே மாதம், உள்ளே மார்கழி இல்லையென்றாலும் பங்குனி. காலையில் மதிலோரம் நடந்தால் செண்பகம் அடித்தொண்டையில் 'ஊப் ஊப்' என்று மிரட்டும். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்து குடும்பச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவரும். கீரி ஒன்று சாலையைக் கடக்கும், நம்மைவிட ஒழுங்காக, இரண்டு பக்கமும் பார்த்து.

1938 டிசம்பரில் இந்தக் காட்டுக்குள் உலகமே வந்தது. சர்வதேச மிஷனரி மாநாடு சீனாவின் ஹாங்சோவில் நடக்க வேண்டியது. ஜப்பான் படையெடுத்துவிட்டதால் இடம் மாற்றினார்கள். 69 நாடுகளிலிருந்து 471 பேர் தாம்பரத்தில் இறங்கி, மற்ற மதங்களோடு எப்படிப் பழகுவது என்று இரண்டரை வாரம் விவாதித்தார்கள். ஐரோப்பிய இறையியல் வகுப்புகளில் 'தாம்பரம் 1938' என்றால் ஒரு திருப்புமுனை. தடித்தடிப் புத்தகங்கள் உண்டு. இங்கே தாம்பரம் என்றால் கடைசி ஸ்டேஷன், தூங்கினால் எழுப்பிவிடுவார்கள். மற்ற மதத்தாரோடு பழகுவது எப்படி என்று பல்லாவரம் குடைவரையில் போய்க் கேட்டிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

அதே கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்ற புள்ளியியல் பேராசிரியர் இருந்தார். பறவை பார்ப்பார், பழைய எழுத்துகளைப் படிப்பார், வாசல் கோலத்தையும் விடமாட்டார். புள்ளி வைத்து வளைவு சுற்றும் பெண்கள் மனத்தில் ஒரு இலக்கணம் ஓடுகிறது என்று கண்டு, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் 1974-ல் கணினி அறிவியல் இதழில் கட்டுரை எழுதினார். கோலத்தை மிதித்துக்கொண்டு போகும் பால்காரருக்கு, தாம் மிதிப்பது படமொழிக் கோட்பாடு என்று யாரும் சொல்லவில்லை.

காலி இடத்தில் மீதியை விமானப்படை எடுத்துக்கொண்டது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் பள்ளி 1954-ல் அம்பாலாவிலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. வாத்தியார்களுக்கு வாத்தியார் இருக்கும் ஊர். அதற்கப்புறம் சென்னை தனக்கு இடைஞ்சலான எதையும் தெற்கே தள்ளக் கற்றுக்கொண்டது. 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் அருங்காட்சியகத்தில் உயிருள்ள புலியைக் காட்டிக் கூட்டம் சேர்த்துத் தொடங்கிய மிருகக்காட்சிசாலை, பார்க் டவுன் வழியாக 1985-ல் வண்டலூருக்கு வந்தது. பஸ் ஸ்டாண்டு பாரிமுனையிலிருந்து 2002-ல் கோயம்பேடு, அங்கிருந்து 2023 கடைசியில் கிளாம்பாக்கம். புலிக்கும் திருச்சி பஸ்ஸுக்கும் ஒரே முகவரி ஆகிவிட்டது. 2021-ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி என்றார்கள். 'ஊருக்கு வெளியே' இருந்தது அரசாணைப்படி ஊராகிவிட்டது.

இத்தனை பேரும் வந்து போன பிறகு வந்தவர்கள் நாம். கோடரி, கல்வெட்டு, கல்லூரி எதுவும் இல்லாமல் தவணைக் கடனோடு வந்தோம். நம் காலத்துக் கல்வெட்டு, 'நகர்' என்று முடியும் பெயர்ப்பலகை. ஆங்கிலேயருக்கு 'லேக் டிஸ்ட்ரிக்ட்' உண்டு. அங்கே வேர்ட்ஸ்வொர்த் நடந்தார், மஞ்சள் பூவைப் பார்த்தார், பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் மனப்பாடம் செய்தோம். செங்கல்பட்டும் ஏரி மாவட்டம்தான். எங்கள் ஏரியிலும் பூ உண்டு, ஊதா நிறம், ஆகாயத்தாமரை. கழிவுநீர் வருகிற அளவைப் பொறுத்து அமோகமாகப் பூக்கும். அதன்மேல் நீலத் தாழைக்கோழி நீண்ட விரல்களை எடுத்துவைத்து, புடவை தடுக்கிவிடுமோ என்ற கவலையோடு நடக்கும். முக்குளிப்பான் நம்மைக் கண்டால் முங்கி வேறெங்கோ எழும். மடையான் மட்டும் அசையாது. கரையில் யார் என்ன கட்டினாலும் ஆட்சேபணை தெரிவிக்காத ஒரே அதிகாரி.

ஏரிகளுக்கு மட்டும் பழைய கணக்கு மறக்கவில்லை. சேலையூரில் மிஞ்சினால் ராஜகீழ்ப்பாக்கம், அங்கிருந்து செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. தண்ணீர் தன் பழைய வழியில் புறப்பட்டது. வழியில் வீடுகள் இருந்தன. மேற்கே முடிச்சூரில் மாடிப்படி வரை ஏறி விசாரித்துவிட்டுப் போனது. எல்லோரிடமும் பட்டா இருந்தது, முப்பது வருடத்து வில்லங்கச் சான்று இருந்தது, வங்கி வக்கீலின் கையெழுத்து இருந்தது. யாரிடமிருந்து யார் வாங்கினார் என்று எல்லாப் பெயரும் அதில் உண்டு. ஐப்பசியில் வந்து கார்த்திகையில் போகிற பழைய சொந்தக்காரர் பெயர் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

இப்போது 'ஊருக்கு வெளியே' கூடுவாஞ்சேரி தாண்டி, மறைமலைநகர் தாண்டி, செங்கல்பட்டுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை இலவச வேனில் மனை காட்டக் கூட்டிப்போகிறார்கள், மதியம் பிரியாணி. "நல்ல காத்து சார், அமைதி, எல்லாம் காலி இடம்" என்று சொல்லத்தான் செய்வார்கள். 15 லட்சம் வருடமாகச் சொல்கிறார்கள். போங்கள், பிரியாணி சாப்பிடுங்கள். ஆனால் கிராமக் கணக்கின் 'அ' பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, முன்பணத்தை ஐப்பசி வரை கையிலேயே வைத்திருங்கள். சித்திரையில் எல்லா ஏரியும் கிரிக்கெட் மைதானம்தான்.